குத்துக்கரணத்தை வைத்து நிலை ஏற்றாதீர்கள்

மெத்தையில் பின்பக்கக் குத்துக்கரணம் அடித்துவிட்டால் பெடியன் அடுத்த நிலைக்குத் தயார் என்று தகப்பனும் நினைப்பார், சில வேளை மாஸ்டரும் நினைப்பார். ஆனால் ஆண்களின் ஜிம்னாஸ்டிக்கில் ஆறு கருவிகள்: தரை, பொம்மல் (கைபிடி வைத்த குதிரை), வளையம், வோல்ட் (ஓடிவந்து மேசையில் கை ஊன்றித் தாண்டுவது), பரலல் பார் (இரட்டைக் கம்பி), ஹை பார் (உயரக் கம்பி). தரையில் கிடைத்த கைதட்டல் மற்ற ஐந்துக்கும் உதவாது. எந்தக் கருவியில் அவன் ஆகக் குறைவோ, ஏற்றலாமா என்ற முடிவை அங்கே இருந்துதான் எடுக்க வேண்டும். அநேகமாக அது பொம்மலாக இருக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. துணுக்காயோ மடுவோ முல்லைத்தீவோ, கல்வி வலயத்தில் வென்றவன் மாகாணத்துக்குப் போவான், அங்கே வென்றால் தேசிய மட்டம். இது போட்டியின் ஏணி. செய்யும் பயிற்சிகளின் கடினம் வேறொரு ஏணி. அமெரிக்கா போன்ற நாடுகள் அதற்கு 10 வரை இலக்கமே போட்டு வைத்திருக்கின்றன. முதலாவதில் வெற்றி உங்களை ஏற்றிவிடும். இரண்டாவதில் நீங்கள்தான் ஏற்றுகிறீர்கள். மூன்று பேர் மட்டும் இறங்கிய வலயப் போட்டியில் முதலிடம் வந்ததற்காகக் கடினத்தைக் கூட்டினால் மாகாணத்தில் விழுந்துதான் வருவான்.

ஏன் என்பதைப் புள்ளிக் கணக்கே சொல்லும். சர்வதேச விதிகளில் கடினத்துக்கான புள்ளி, ஆக இலகுவான ஏ தரப் பயிற்சிக்கு 0.1, பி தரத்துக்கு 0.2, சி தரத்துக்கு 0.3. செய்த விதத்துக்கான புள்ளி 10இல் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும்: சிறு பிழைக்கு 0.1, நடுத்தரப் பிழைக்கு 0.3, பெரிய பிழைக்கு 0.5, விழுந்தால் 1.0. ஒரு ஏ பயிற்சியை எடுத்துவிட்டு பி ஒன்றைப் போட்டால் வரவு 0.1 மட்டுமே. அதில் முழங்கால் தெளிவாக மடிந்தால் செலவு 0.3. விழுந்தால் வரவைப் போலப் பத்து மடங்கு போய்விடும். வயதுப் பிரிவுப் போட்டிகளில் கட்டாயத் தொடர்களும் (வரிசையாகச் செய்யும் பயிற்சிகள்) தனிக் கழிவுகளும் இருக்கலாம். ஆகவே அந்த வருடச் சுற்றுநிருபத்தைக் கையில் எடுத்த பிறகே இந்தக் கணக்கைப் போடுங்கள்.

சோதிப்பது இப்படி. மூன்று கிழமைக்கு, கிழமையில் இரண்டு நாள், சூடேற்றல் முடிந்த கையோடு ஒவ்வொரு கருவியிலும் புதிய தொடரை ஒரேயொரு தடவை செய்யச் சொல்லுங்கள். போட்டியிலும் ஒரு தடவைதான். பக்கவாட்டில், அவனுடைய இடுப்பு உயரத்தில் போனை வைத்து வீடியோ எடுங்கள். ஆறு தடவையில் ஐந்து விழாமல் வந்தால் யோசிக்கலாம். நான்கு என்றால் இன்னும் காலம் வரவில்லை. இருபது தடவை முயன்று கடைசியில் வந்த ஒன்றைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

வீடியோவில் முதலில் பார்க்க வேண்டியது கைநிலை, அதாவது கைகளில் தலைகீழாக நிற்பது. ஊசலாடி ஏறும் கைநிலை நேர்குத்திலிருந்து 15 பாகைக்குள் இருந்தால் கழிவில்லை. 30 வரை 0.1, 45 வரை 0.3. அதற்கும் மேலே போனால் பயிற்சியே கணக்கில் வராது. பாகையைக் கண்ணால் மதிக்க ஒரு வழி: கையிலிருந்து கால்நுனி வரை 1.6 மீட்டர் உள்ளவனுக்கு 15 பாகை என்பது கால் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் விலகுவது, 30 பாகை என்பது 80. மேசனிடம் தூக்குக்குண்டு வாங்கிப் பின்னால் தொங்கவிட்டுப் படம் எடுத்தால் வாக்குவாதமே இல்லை. சுவரைப் பார்த்தபடி அரை நிமிடம், சுவரில்லாமல் 10 செக்கன் அசையாமல் நிற்க முடியாதவனுக்குப் பரலல் பாரிலோ வளையத்திலோ கைநிலைத் தொடர் கொடுப்பது வீண்.

இனிப் பொம்மல். போட்டிக் குதிரை தரையிலிருந்து 115 சென்டிமீட்டர் உயரம். சிறுவர்கள் தொடங்குவது காளான் எனப்படும் வட்டமேட்டில். அதுவும் இல்லாத பாடசாலையில் வாளி முறை நன்றாக வேலை செய்யும். உறுதியான கூரை வளையிலிருந்து நீளக் கயிற்றில் பிளாஸ்டிக் வாளியைத் தொங்கவிட்டு இரண்டு பாதத்தையும் அதற்குள் வைத்து, கைகளை மேட்டில் ஊன்றிச் சுற்ற வேண்டும். உடல் நேராக நீளும் உயரத்தில் வாளி தொங்க வேண்டும். உயர்ந்துவிட்டால் இடுப்பு மடிந்து பழகிவிடும், அந்தப் பழக்கத்தை மாற்ற ஒரு வருடம் போதாது. சுற்று உடைவதற்கு வழக்கமான காரணம் தோள். கால் வலப்பக்கம் போகும்போது பாரம் இடக்கையில் இறங்கித் தோள் இடப்பக்கம் சாய வேண்டும். தோளை நடுவில் வைத்துக்கொண்டு காலை மட்டும் வீசுபவன் மூன்றாவது சுற்றில் குந்திவிடுவான். வாளி இல்லாமல் காளானில் பத்துச் சுற்று, வேகம் குறையாமல்: இது வரும்வரை மற்ற ஐந்து கருவியும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏற்ற வேண்டாம்.

வளையத்தில் நிறுத்தும் பயிற்சிகளுக்கு 2 செக்கன் வேண்டும். குறைந்தால் 0.3 போகும், நிற்கவே இல்லையென்றால் 0.5 கழிவோடு பயிற்சியும் கணக்கில் இல்லை. பதற்றத்தில் பிள்ளைகள் வேகமாக எண்ணுவார்கள், அதனால் பயிற்சியில் 3 எண்ண வையுங்கள். பரலல் பாரில் கம்பிகளின் இடைவெளிக்கு முழங்கையிலிருந்து விரல்நுனி வரையான நீளம் தொடக்க அளவு. பெரிய பையனுக்கு வைத்த இடைவெளியில் சின்னவனை ஊசலாட விட்டால் தோள் பிய்ந்துவிடும்.

ஹை பார் விடயத்தில் ஒரு எச்சரிக்கை. போட்டிக் கம்பி 28 மில்லிமீட்டர் தடிப்பான, வளைந்து நிமிரும் உருக்கு. முக்கால் அங்குல ஜி.ஐ. பைப் தடிப்பில் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனால் அது வளைந்தால் வளைந்ததுதான். ஒட்டு வைத்த இடத்தில் திடீரென்று விடும். அதில் தொங்கலாம், உன்னி எழலாம், இடுப்புச் சுற்று செய்யலாம். உடலை நீட்டிக் கம்பியைச் சுற்றிவரும் முழுச்சுற்று கூடவே கூடாது. அது கைப்பட்டி பூட்டிய சரியான கம்பியில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். பங்குனி, சித்திரை வெயிலில் வெளியே நிற்கும் கம்பி பத்து மணிக்கே கையைச் சுடும் என்பதால் காலை வேளையிலேயே முடித்துவிடுங்கள்.

வோல்டுக்கு ஒரு வரி: 20 சென்டிமீட்டர் இறங்குமெத்தை இல்லாத இடத்தில் புதிய வோல்ட் பழக்காதீர்கள். மெத்தைக்குப் பதிலாகப் போடும் மணல் நனைந்தால் தரையைப் போல இறுகும், வைக்கோல் வழுக்கும்.

பன்னிரண்டு வயதுக்குப் பிறகு உயரத்தையும் பாருங்கள். ஆண் பிள்ளைகள் ஆக வேகமாக வளர்வது ஏறக்குறைய பதின்மூன்றரை, பதினான்கில். வருடத்துக்கு 9, 10 சென்டிமீட்டர் கூடப் போகலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கதவுநிலையில் கோடு போட்டு வையுங்கள். கோடு தாவுகிற காலத்தில் நேற்று வந்த பயிற்சி இன்று வராது. சோம்பல் என்று ஏசாதீர்கள், கை கால் நீண்டு ஊசலின் நேரம் மாறிவிட்டது. அந்தக் காலத்தில் நிலையை ஏற்றாமல் அடிப்படையைத் திருப்பிச் செய்யலாம். கை ஊன்றும்போது மணிக்கட்டின் பின்புறம் நோவது வளரும் எலும்பின் முனை பாதிக்கப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். பட்டி சுற்றிக்கொண்டு தொடராமல் பாரத்தை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். உடலைப் பின்னுக்கு வளைக்கையில் நாரி நொந்தாலும் அப்படியே.

ஏற்றுவதற்கான காலம் போட்டிப் பருவம் முடிந்த அடுத்த கிழமை. ஒரு புதிய தொடர் உறுதிப்பட ஏறக்குறைய பன்னிரண்டு கிழமை வைத்துக்கொள்ளுங்கள், முதல் ஆறு கிழமையில் தொடரைப் பாதிப் பாதியாகச் செய்யட்டும். புலமைப்பரிசில், சாதாரண தரப் பரீட்சை வருடங்களில் பயிற்சி நாள் குறையும். மாரியில் உள்ளூர் வீதியில் வெள்ளம் ஏறினால் பஸ் வராது. அந்த நாட்களைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

புதிய தொடரோடு போட்டிக்குப் போகும்போதும் ஒவ்வொரு கருவிக்கும் பழைய நிலையின் ஒரு பயிற்சியைப் பதிலுக்கு வைத்திருங்கள். மண்டபத்தில் சூடேற்றும்போது புதியது இரண்டு தடவை பிழைத்தால் பழையதைப் போடுவது என்று வீட்டிலிருந்து புறப்படும் முன்பே பையனோடு கதைத்து முடிவு செய்துவிடுங்கள்.