செயினுக்கு எந்த எண்ணெய், ஆயிலர் மாட்டலாமா வேணாமா? தினம் பாலம் ஏறுறவன் சொல்றேன்

மலேசியாவுல பிறையில இருந்து பினாங்கு பாலம் ஏறி பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு தினம் போயிட்டு வர்ற ஆளு நான். என் மோட்டர் (பைக்) யமஹா வை15, போக வர 40 கிலோமீட்டர் சொச்சம், ஷிஃப்ட் வேலைன்றதால மழை வெயில்னு பாத்துட்டு நிக்க முடியாது. 2019 ஜனவரி ஒண்ணாந்தேதியில இருந்து பாலத்துல மோட்டருக்கு டோல் இல்ல, ஆனா மிச்சமான அந்தக் காச எல்லாம் செயினுக்கும் அது ஓடுற பல்சக்கரம் ஸ்ப்ரொக்கெட்டுக்கும்தான் அழுதுகிட்டு இருந்தேன். ராத்திரி ஸ்ப்ரே அடிச்சுட்டு படுப்பேன், காலைல பாலத்து மேல மழை புடிக்கும், கடல் காத்து உப்பு வேற, அடுத்த நாள் பாத்தா செயின் பழைய அருவாமனை மாதிரி செவந்து கெடக்கும். அப்புறம்தான் இந்த எண்ணெய் விஷயத்தையும், ஓடறப்பவே செயினுக்கு எண்ணெய் சொட்ட வைக்கிற ஆயிலர் விஷயத்தையும் ஒழுங்கா உக்காந்து பாத்தேன்.

எண்ணெய் வாங்கறதுக்கு முன்னாடி உங்க செயின் என்ன வகைன்னு பாருங்க. பக்கத்து தகடு ரெண்டுக்கும் நடுவுல கறுப்பா சின்ன ரப்பர் வளையம் தெரிஞ்சா அது ஓ-ரிங் இல்லனா எக்ஸ்-ரிங். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் தேவையான கிரீஸ உள்ள வச்சே சீல் பண்ணிருப்பாங்க, வெளிய நாம ஊத்துறது ரப்பர் காயாம இருக்க, துரு புடிக்காம இருக்க, ரோலர் ஸ்ப்ரொக்கெட் பல்லுல உரசுற எடத்துக்கு, அவ்ளோதான். ரப்பர் இல்லாத சாதா செயின்னா கத வேற, நாம ஊத்துற எண்ணெய்தான் பின்னுக்குள்ள போயி சேரணும், வேற கதி இல்ல. காப்சாய்னு சொல்ற சின்ன மோட்டர்ல வர்ற 420, 428 சைஸ் செயின் நெறைய இந்த சாதா வகைதான். அதனாலதான் காப்சாய் செயின் சீக்கிரம் நீளுது. ஹோண்டா ஈஎக்ஸ்5 மாதிரி முழுசா மூடின கவர் இருந்தா மண்ணும் தண்ணியும் உள்ள போறது கம்மி, அந்த செயின் ரொம்ப நாள் ஒழைக்கும், ஆனா நம்ம பசங்க அது அப்பா மோட்டர்னு கிண்டல் பண்ணுவானுங்க.

இப்ப எண்ணெய். கையால ஊத்துறவங்களுக்கு என்னோட ஓட்டு கியர் ஆயிலுக்குத்தான், 80டபிள்யூ-90. நெறைய மோட்டர் மேனுவல்லயே செயினுக்கு இது போடலாம்னு போட்டிருக்கும். ஓ-ரிங்க ஒண்ணும் பண்ணாது, இடுக்குல நல்லா எறங்கும், கெட்டியா இருக்கிறதால ஓரளவு ஒட்டியும் நிக்கும். கொறைன்னு பாத்தா ரெண்டு, கொஞ்சம் நாத்தம், அப்புறம் அதிகமா ஊத்தினா ரிம்முல கறுப்பு பொட்டு பொட்டா தெறிக்கும். ஸ்ப்ரே கேன் சுத்தமா இருக்கும், அதுல இருக்கிற சால்வென்ட் ஆவியா போனப்புறம் பசை மாதிரி ஒட்டிக்கும், ஆனா அந்தப் பசையிலயே மண்ணும் ஒட்டி அரைக்கிற பேஸ்ட் ஆயிடும். வேக்ஸ் வகையில மண்ணு கம்மியா ஒட்டும், ஞாயித்துக்கெழம தெலுக் பாஹாங் வரைக்கும் சும்மா ஒரு ரவுண்டு போற ஆளுக்கு அது அழகு, தினம் மழையில ஓடுறவனுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சில பேரு எஞ்சின்ல இருந்து எறக்குன பழைய மினியாக் ஈத்தாம் (கறுப்பு எண்ணெய்) ஊத்துறாங்க, ஓசியில கெடைக்குதேன்னு. வேணாம், அதுல எஞ்சின் தேய்ஞ்ச தூளும் புகைக்கரியும் ஆசிடும் கலந்திருக்கும். புது எஞ்சின் ஆயில் அவசரத்துக்கு ஓகே, ஆனா மெல்லிசு, சீக்கிரம் தெறிச்சிடும். தையல் மெஷின் எண்ணெய் அத விட மெல்லிசு. சமையல் எண்ணெய் ஊத்தலாமான்னு ஒரு தம்பி சீரியஸா கேட்டான், அது காத்துபட்டு பிசினாயிடும் தம்பி, முறுக்கு சுடு. டபிள்யூடி-40 ஸ்ப்ரே அழுக்கு எடுக்க, தண்ணிய வெரட்ட நல்லது, ஆனா அதையே செயின் எண்ணெய்னு நம்பி பாலம் ஏறாதீங்க. கழுவறதுக்கு மண்ணெண்ணெய் போதும், பெட்ரோல் ஓ-ரிங்க கெடுக்கும்.

ஊத்துற விதம் முக்கியம். ஓடி வந்து செயின் சூடா இருக்கறப்ப ஊத்துங்க, காலைல கெளம்பறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி இல்ல. கீழ போற செயினோட உள்பக்கத்துல ஊத்தணும், சுத்தறப்ப எண்ணெய் தானா வெளிப்பக்கம் தள்ளப்படும், வெளிய ஊத்தினா நேரா ரிம்முக்குத்தான். பத்து நிமிஷம் விட்டு துணியால மிச்சத்த தொடச்சிடுங்க. இன்னொண்ணு, ஸ்டாண்டு போட்டு, எஞ்சின ஓடவிட்டு, ஒண்ணாம் கியர்ல சக்கரம் சுத்த சுத்த துணி புடிக்கிற வேல வேணவே வேணாம். துணி மாட்டினா வெரல் போயிடும், வீல கையால சுத்துங்க.

இத மழைக்காலத்துல ஒவ்வொரு நனைச்சலுக்கும் அப்புறம் செய்யணும், நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து யாரு செய்வா? அங்கதான் ஆயிலர் வருது. எவ்ளோ ஒசந்த எண்ணெய்ன்றத விட கொஞ்சம் கொஞ்சமா விடாம போகுதான்றதுதான் விஷயம். ஓடறப்ப சொட்டு சொட்டா விழுந்தா உப்பும் மண்ணும் அதோட சேந்து வெளிய போயிடும், செயின கழுவுற வேலையும் கொறையும்.

வகை மூணு நாலு இருக்கு. ஸ்காட்ஆயிலர் மாதிரி வேக்யூம் வகை எஞ்சினோட உறிஞ்சல வச்சு வால்வ தொறக்கும், எஞ்சின் நின்னா சொட்டும் நிக்கும். நல்ல ஏற்பாடு, ஆனா சின்ன மோட்டர்ல அந்த ட்யூப சொருக எடம் தேடணும், தெரிஞ்ச மெக்கானிக் வேணும். எலக்ட்ரானிக் பம்ப் வகை துல்லியமா இருக்கும், வெலைய பாத்தா காப்சாய்க்கு மாட்ட மனசு வராது. லூப்மேன் மாதிரி கையால அமுக்கற பாட்டில் வகை ரொம்ப சிம்பிள், கெளம்பறப்ப ஒரு அமுக்கு, அந்த அளவு எறங்கி முடிஞ்சிடும், கெடறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. கடைசியா, குழாய் வச்ச புவியீர்ப்பு வகை, நம்ம ஆளுங்க வீட்லயே மீன் தொட்டி வால்வும் ட்யூபும் வச்சு செய்வாங்க. நானும் செஞ்சேன். ஒரு நாள் குழாய மூட மறந்து ஷிஃப்டுக்குள்ள போயிட்டேன், எட்டு மணி நேரம் கழிச்சு வந்தா மோட்டருக்கு கீழ எண்ணெய் குட்டை, பின் டயர் பாதி பளபளன்னு மின்னுது. சோப்பு போட்டு டயர கழுவிட்டு உருட்டிக்கிட்டே கேட்டு வரைக்கும் வந்தேன். அதுக்கப்புறம் அமுக்கற பாட்டில்தான். மீன் தொட்டி ட்யூபும் எண்ணெய் பட்டு பட்டு கெட்டியாகி வெடிச்சிடும், செய்யறதுன்னா பெட்ரோல் ஹோஸ் போடுங்க.

ஆயிலருக்கு எண்ணெய் வேற மாதிரி பாக்கணும். கியர் ஆயில் மெல்லிசு ட்யூபுல சில நேரம் நகரவே நகராது. ஸ்காட்ஆயிலர் காரங்களே நீலம், செவப்புன்னு ரெண்டு வகை விக்கறாங்க, நீலம் 0ல இருந்து 30 டிகிரி, செவப்பு 20ல இருந்து 40 டிகிரி. நம்ம ஊருக்கு செவப்புதான், சூட்டுல நீலம் தண்ணி மாதிரி ஓடும். அது கெடைக்கலன்னா மரம் அறுக்கற செயின்சா எண்ணெய் ஹார்ட்வேர் கடையில கேளுங்க, அதுல ஒட்டுறதுக்கு மருந்து கலந்திருக்கும், நான் இப்ப ஊத்துறது அதுதான்.

சொட்டு கணக்கு போட்டு பாருங்க. 20 சொட்டு ஏறக்குறைய 1 மில்லி. நிமிஷத்துக்கு ஒரு சொட்டுன்னு வச்சா, போக 40 நிமிஷம் வர 40 நிமிஷம், 80 சொட்டு, தினம் 4 மில்லி, 50 மில்லி டப்பா பன்னெண்டு நாள்ல காலி. பெரிய மோட்டருக்கு அது சரி, காப்சாய்க்கு ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு போதும், மழையில மட்டும் கூட்டிக்கலாம். செயின தொட்டா வெரல்ல லேசா ஈரம் ஒட்டணும், அதான் அளவு. ரிம்முல கோடு கோடா வந்தா கொறைங்க.

எண்ணெய் சொட்டுற ட்யூப் முனை, அதான் நாசில், வைக்கிற எடம் பின் ஸ்ப்ரொக்கெட்டோட பக்கவாட்டு மொகத்துல, மோட்டர இடது பக்கம் இருந்து பாத்தா கடிகாரத்துல ஏழு மணி எடம், பல்லுக்கு கொஞ்சம் உள்ள தள்ளி லேசா தொட்டுகிட்டு. கேபிள் டை போட்டு இறுக்கி கட்டுங்க, ஆடினா ஒண்ணு டயர்ல விழும், இல்லன்னா ஸ்ப்ரொக்கெட் கவ்வி இழுத்திடும்.

மாசம் ஒரு தடவ டேப் வச்சு அளங்க. செயின இழுத்துப் புடிச்சு பின்னுல இருந்து பின்னுக்கு 20 கண்ணி, புது 428ல 254 மில்லிமீட்டர் வரும், 520ல 317.5. ரெண்டு எடத்துலயாவது பாருங்க, ஒரே மாதிரி நீளாது. 428ல 256 தாண்டி 257 நெருங்கிட்டா எந்த எண்ணெயும் காப்பாத்தாது, ஸ்ப்ரொக்கெட் ரெண்டையும் சேத்து மாத்திடுங்க.