மீன்பிடிக்க எந்தக் கயாக்: பெடலா, துடுப்பா?

கயாக் (உட்கார்ந்து ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) வாங்கப் போகிற எல்லாரும் முதலில் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால் நீங்கள் தூண்டில் போடப்போகும் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள்.

காலால் மிதித்து ஓட்டும் பெடல் கயாக்கின் அடியில் ஒரு புரொப்பல்லர் தொங்கும், இல்லையென்றால் ஹோபி கம்பெனி 1997-இல் கொண்டுவந்த மாதிரி இடமும் வலமும் அசைகிற, மீனுடையது மாதிரியான இரண்டு செட்டைகள் இருக்கும். புரொப்பல்லர் வகை ஒன்றரை அடி வரைக்கும்கூட கீழே இறங்கும். முட்டுக்காடு மாதிரி உப்பங்கழியில் போகப் போக திடீரென்று முழங்கால் ஆழம்தான் இருக்கும், அங்கே தரை தட்டிவிடும். பாசியோ கிழிந்த நைலான் வலையோ தண்டில் சுற்றிக்கொண்டால் இன்னும் மோசம், பெடல் யூனிட்டை மேலே தூக்கி நூலை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தெடுப்பதற்குள் காற்று உங்களை எங்கேயோ தள்ளியிருக்கும். செட்டை வகையில் ஒரு பெடலை முழுசாக முன்னே மிதித்தால் போதும், இரண்டு செட்டையும் அடித்தட்டோடு படிந்துவிடும். துடுப்புக் கயாக்குக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

சரி, அப்புறம் பெடல் எதற்கு? கை சும்மா இருப்பதற்குத்தான். பாலத் தூண் ஓரம் ஒரு கொடுவா மாட்டுகிறது என்று வையுங்கள், மாட்டிய உடனே அது தூணைச் சுற்றப் பார்க்கும். துடுப்புக் கயாக்கில் இரண்டு கையும் தூண்டில் ராடைப் பிடித்திருக்க, மீன் படகையே தூண் பக்கம் இழுக்கும், பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். புரொப்பல்லர் வகையில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் படகும் பின்வாங்கும், மீனும் கூடவே வெளியே வரும். (பழைய செட்டை மாடல்களில் ரிவர்ஸ் இல்லை, செகண்ட் ஹேண்டில் எடுப்பவர்கள் கேட்டு வாங்குங்கள்.) எதிர்காற்றில் ஒரே இடத்தில் நிற்பதற்கும், லூரை (செயற்கை இரையை) இழுத்தபடி நெடுந்தூரம் ட்ரோலிங் போவதற்கும் பெடல்தான் சுகம்.

ஆனால் எடை! 12 அடி பெடல் கயாக் ஏறக்குறைய 50 கிலோ வரும், அதே நீளத் துடுப்புக் கயாக் 30, 35 கிலோவில் கிடைக்கும். தனி ஆளாகக் கார் மேலே ஏற்றி இறக்குகிறவருக்கு இந்த வித்தியாசம் ஒவ்வொரு முறையும் இடுப்பில் தெரியும். விலையும் பெரும்பாலும் இரண்டு மடங்கு.

கழியிலும் அலையாத்தி மரங்களுக்கு நடுவிலும் சுற்றுகிறவர் என்றால் தயங்காமல் துடுப்பு எடுங்கள். அணை, ஆழமான ஆற்றுமுகம், கடல் என்றால் பணம் சேர்த்தாவது பெடல். ஆனால் பெடல் எடுத்தாலும் ஒரு துடுப்பைக் கயிறு போட்டுக் கட்டிவையுங்கள், அலை உடைகிற இடத்தில் கரையேறும்போது யூனிட்டைத் தூக்கிவிட்டுத் துடுப்புப் போட்டுத்தான் வர வேண்டும்.