வகுப்பறையில் கிழங்குப் பூ வளர்க்கலாம்

சின்னப் பிள்ளைகளோடு செடி வளர்க்க விதையை விடக் கிழங்குதான் நல்லது என்பேன். விதை முளைத்தபின் இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் வாடிப்போகும், கிழங்கோ கட்டுச்சோறோடு வருகிறது.

முதல் நாள் ஒரு வெங்காயத்தை நெடுக்காக வெட்டிக் காட்டுங்கள். அடுக்கடுக்கான சதைதான் சேமித்து வைத்த உணவு, அடியில் தட்டையாக இருக்கும் இடத்திலிருந்து வேர் வரும், நடுவில் ஒளிந்திருப்பது முளை. காட்டிய கையோடு இதையும் சொல்லிவிடுங்கள்: நாம் நடப்போகும் கிழங்கும் பார்க்க இப்படித்தான் இருக்கும், ஆனால் அது விஷம், வாயில் வைக்கவே கூடாது, தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஹையசிந்த் என்ற பூச்செடியின் கிழங்கைத் தொட்டாலே சிலருக்கு அரிக்கும், அதனால் சின்ன வகுப்புக்கு நான் அதை எடுப்பதில்லை.

டூலிப்பும் வேண்டாம், பூப்பதற்கு முன் அது மாதக்கணக்கில் குளிரில் கிடக்க வேண்டும். கொத்தாக வெள்ளைப் பூ விடும் பேப்பர்வைட் நார்சிசஸுக்கும் பெரிய பூ விடும் அமரில்லிஸுக்கும் அந்தத் தொல்லை இல்லை; முன்னது ஏறக்குறைய 4 முதல் 6 வாரத்திலும் பின்னது 6 முதல் 10 வாரத்திலும் பூக்கும்.

பேப்பர்வைட்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் கூழாங்கல் மேல் உட்கார வையுங்கள். தண்ணீர் கிழங்கின் அடியைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும், ஏறினால் அழுகிவிடும். சில நாளில் கல் இடுக்குகளில் வெள்ளை நூல் நூலாக வேர் இறங்கும், பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அமரில்லிஸுக்கு, கிழங்கை விடக் கொஞ்சமே அகலமான, அடியில் ஓட்டையுள்ள தொட்டி போதும். கூர்முனை மேலே, கிழங்கில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே. நட்டதும் ஒருமுறை நன்றாக நனைத்துவிட்டு, முளை தெரியும்வரை தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் பாதிக் கிழங்கு போய்விடுகிறது, ஆளுக்கொரு தடவை ஆசையாக ஊற்றிவிடுவார்கள். அதனால் நாளுக்கு ஒரு பிள்ளை, அதுவும் விரலை மண்ணில் விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும்.

ஆளுக்கொரு கிழங்கு என்று பெயர் எழுதிக் கொடுக்காதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்தேன். ஒரு குழந்தையின் கிழங்கு மட்டும் அழுகிப்போய், மற்றவர்களுடையது பூத்தபோது அவள் அழுதது இன்னும் மறக்கவில்லை. நாலு பேருக்கு ஒரு தொட்டி, கூடவே ஒன்றிரண்டு உபரி, அது போதும்.

தண்டு எழும்ப ஆரம்பித்தால் வாரம் ஒருமுறை அதன் உயரத்துக்குக் காகிதப் பட்டை வெட்டிச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள், எண் தெரியாத பிள்ளைக்கும் வளர்ச்சி புரியும். வெளிச்சத்துப் பக்கம் சாயும், அப்போது தொட்டியைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள், ஏன் சாய்ந்தது என்று அவர்களே கேட்பார்கள்.

பூ வாடியதும் அமரில்லிஸின் பூத்தண்டை மட்டும் வெட்டுங்கள். இலை இருக்கட்டும், அடுத்த பூவுக்கான சாப்பாட்டை அதுதான் சமைத்துக் கிழங்குக்கு அனுப்பும்.