கொலோனியாவுக்குப் போனால் இரவு தங்குங்கள்

அர்ஜென்டினாவின் தலைநகர் புவனோஸ் ஐரெஸுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர், ஆற்றின் எதிர்க்கரையில் உருகுவே நாட்டில் இருக்கும் கொலோனியா டெல் சாக்ரமென்டோவுக்குக் காலைப் படகில் வந்து மாலைப் படகில் திரும்பிவிடுகிறார்கள். ஒன்றேகால் மணி நேரப் பயணம்தானே என்ற எண்ணம். இந்த ஊரில் செய்யக்கூடிய பெரிய தவறே அதுதான். பகல் கூட்டம் படகேறிய பிறகுதான் ஊர் மூச்சு விடுகிறது. உள்ளூர்க்காரர்கள் வெந்நீர் பிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாத்தே என்னும் இலைக் கஷாயத்தைக் குழலால் உறிஞ்சியபடி ஆற்றங்கரையில் வந்து உட்காருவார்கள். சூரியன் ரியோ டி லா பிளாட்டா ஆற்று நீரிலேயே இறங்கி மறையும். இரண்டு இரவாவது தங்குங்கள்.

அந்த ஆறு வண்டல் கலந்து பழுப்பாகத்தான் ஓடும். நீலத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

கலங்கரை விளக்கம், கோட்டை வாசல், பெருமூச்சுத் தெரு என்று பட்டியல் போட்டு ஓடினால் இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஓடாதீர்கள். பெருமூச்சுத் தெருவில் படம் எடுத்த கையோடு ஒரு நிமிடம் குனிந்து தரையைப் பாருங்கள். கரடுமுரடான கற்கள் இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கிச் சரிகின்றன. மழைநீர் தெரு நடுவே ஓடும். இது போர்த்துகீசியர் முறை. 1680இல் அவர்கள் அமைத்த இந்த ஊருக்காக ஸ்பெயினும் போர்ச்சுகலும் நூறாண்டு மல்லுக்கட்டின. 1995இல் இதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்கு, இரு நாட்டுப் பாணிகளும் கலந்த இந்தத் தெருக்களே காரணம். இந்தக் கற்களில் குதிகால் செருப்பும் சக்கரப் பெட்டியும் படாத பாடு படுத்தும்.

பழைய நகரத்தோடு நின்றுவிடுவதும் தவறு. சைக்கிள் எடுத்துக்கொண்டு ஆற்றோரமாக வடக்கே போனால் ரியால் டி சான் கார்லோஸ் என்ற பகுதி வரும். அங்கே 1910இல் திறந்த காளைச்சண்டை அரங்கம் இருக்கிறது. 1912இல் உருகுவே காளைச்சண்டையையே தடை செய்துவிட்டது.

படகுப் பயணம் என்றாலும் இது நாடு விட்டு நாடு போவது. குடியேற்றச் சோதனை உண்டு, கடைசி நிமிடத்தில் ஓடிப்போய் ஏற முடியாது. அர்ஜென்டினாவுக்கே திரும்புவதாக இருந்தால், உங்கள் விசா மறுபடியும் நுழைய அனுமதிக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

ஜனவரி அங்கே கோடை விடுமுறைக் காலம், அறை கிடைப்பது கடினம். ஜூலை குளிர்காலம், கம்பளிச் சட்டை வேண்டும். அப்போது ஆறு மணி வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும், ஐந்தரைக்கே கரைக்குப் போய்விடுங்கள்.