கல்யாண வெய்ல் வாங்குவதற்கு முன்

சர்ச் கல்யாணத்தில் மணப்பெண்ணின் தலையிலிருந்து பின்னால் தொங்கும் மெல்லிய துணிதான் வெய்ல். கவுன் முடிவாகாமல் அதன் பக்கமே போகாதீர்கள். எவ்வளவு அழகான வெய்லாக இருந்தாலும், பிடித்துவிட்டதே என்று முதலில் அதை வாங்கிவிட்டால் அப்புறம் அதற்காக கவுனைத் தேட வேண்டியிருக்கும். கவுன், தலை அலங்காரம், அதற்குப் பிறகு வெய்ல், இந்த வரிசைதான் சரி.

கவுனை முதலில் பின்பக்கமாகப் பாருங்கள். சடங்கு நடக்கும் நேரம் முழுக்க மணப்பெண் எல்லோருக்கும் முதுகைக் காட்டித்தான் நிற்கிறாள், ஆனால் கடையில் நாம் கண்ணாடிக்கு நேராக நின்று முகத்தை மட்டுமே பார்க்கிறோம். முதுகில் லேஸ், வரிசையாகப் பொத்தான், மணி வேலை என்று ஏதாவது இருந்தால், ஓரத்தில் வேலைப்பாடே இல்லாத ஒற்றை அடுக்கு மெல்லிய நெட் போதும், உள்ளே இருப்பது தெரியும். கவுன் எளிமையாக இருந்தால் வெய்லில் தாராளமாக வேலைப்பாடு வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் கனமான வேலை இருந்தால் கண் எதிலும் நிற்காது.

நீளம்தான் எல்லோரையும் குழப்புகிற விஷயம். முழங்கை வரை வருவது ஏறக்குறைய 30 அங்குலம், விரல் நுனி வரை வருவது 40 அங்குலத்தை ஒட்டி, தரையில் புரள்வது 90 அங்குலம், அதைவிட நீளமாக இழுபடுவது 108 அங்குலத்துக்கு மேல். இந்த எண்ணை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். வெய்லை முடியில் பிடித்து நிறுத்த அதன் மேல் முனையில் இருக்கும் சீப்பு உச்சந்தலையில் செருகப்படுகிறதா, கழுத்தை ஒட்டிய தாழ்ந்த கொண்டைக்கு அடியிலா என்பதைப் பொறுத்து அதே வெய்ல் பல அங்குலம் ஏறும், இறங்கும். கல்யாணத்தன்று போடப்போகிற செருப்பைப் போட்டுக்கொண்டு, சீப்பு உட்காரும் இடத்திலிருந்து யாரையாவது டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள்.

வெய்ல் எந்த இடத்தில் முடிகிறதோ அங்கே ஒரு குறுக்குக் கோடு போட்ட மாதிரி கண் போய் நிற்கும். அதனால் இடுப்பின் மிக அகலமான இடத்தில் அது முடியக் கூடாது. கவுனுக்குப் பின்னால் இழுபடும் வால் இருந்தால் வெய்ல் அதைத் தாண்டி ஓர் அரையடியாவது நீளட்டும், இல்லையென்றால் மேலேயே முடியட்டும். இரண்டும் ஒரே இடத்தில் முடிந்தால் அளவு தப்பிப்போன மாதிரி தெரியும். குள்ளமான பெண்கள் நீள வெய்ல் போடக் கூடாது என்பார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுருக்கம் குறைவாக, தோளை ஒட்டி நேராக விழும் நீள வெய்ல் ஆளை உயரமாகவே காட்டும். அதிகச் சுருக்கம் வைத்துப் புசுபுசுவென்று நிற்பதுதான் குள்ளமாக்கும்.

துணியைக் கையில் எடுத்து உதறிப் பாருங்கள். நைலான் நெட் விறைப்பாக நிற்கும், விலை குறைவு. பட்டு நெட் தண்ணீர் மாதிரி வழிந்து விழும், விலை அதிகம், நகமோ மோதிரமோ பட்டால் சட்டென்று கிழியும். 2018-இல் பிரிட்டிஷ் இளவரசர் ஹாரியை மணந்தபோது மேகன் மார்க்கல் அணிந்த ஐந்து மீட்டர் வெய்ல் பட்டு நெட்தான். அப்போது காமன்வெல்த்தில் இருந்த 53 நாடுகளுக்கும் ஒரு பூ வீதம் அதில் கையால் தைத்தவர்கள், நூல் அழுக்காகாமல் இருக்க அரை மணிக்கு ஒருமுறை கை கழுவினார்கள். வெள்ளைத் துணி அவ்வளவு சீக்கிரம் கறைபடும், வெய்லைத் தொடுகிற ஒவ்வொருவரும் கை கழுவியிருக்கட்டும்.

நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள். தூய வெள்ளை, ஐவரி, கிரீம் மூன்றும் அங்கே ஒன்றுபோலத்தான் தெரியும், பகல் வெளிச்சத்தில் கவுன் துணியின் மேல் விரித்தால் வித்தியாசம் உடனே புரியும்.

முகத்தை மூடும் அடுக்கு வேண்டுமா என்பது முழுக்க மணப்பெண்ணின் விருப்பம், வேறு யாரும் வற்புறுத்தக் கூடாது. போடுவதென்றால் அதை யார் தூக்கப்போகிறார்களோ அவர் ஒருமுறை பழகட்டும்: கீழ் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து, உயரத் தூக்கி, தலைக்குப் பின்னால் விட வேண்டும்.

தலை அலங்கார ஒத்திகைக்கு வெய்லையும் எடுத்துப் போங்கள். சீப்பைச் செருகி, இரண்டு பக்கமும் ஹேர்பின்னைக் குறுக்காகப் போட்டு, நடந்து, உட்கார்ந்து, நாலு பேரைக் கட்டிப்பிடித்துப் பாருங்கள். முடி வழுக்கினால் சீப்பு உட்காரும் இடத்தில் சின்னதாக ஒரு பின்னல் போட்டால் பிடிமானம் கிடைக்கும். விருந்துக்கு முன் வெய்லைக் கழற்றப்போகிறீர்கள் என்றால், கொண்டை கலையாமல் அது வருகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் மடித்து வந்த சுருக்கத்துக்கு அயர்ன் பாக்ஸை நேராக வைத்தால் நைலான் உருகிவிடும். முந்தின நாளே உயரமாகத் தொங்கவிட்டு, கொஞ்சம் தள்ளிப் பிடித்து நீராவி காட்டினால் போதும்.