கியூப்சாட்: ரீசெட் ஆனால் டைமர் என்ன ஆகும்?

கியூப்சாட் என்னும் சின்னக் கனசதுரச் செயற்கைக்கோளைச் செய்யும் மாணவர் குழுக்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன; தவறுகள் மட்டும் மாறுவதில்லை. ஸ்க்ரூ தளர்வதும் சால்டரிங் விடுவதும் அதிர்வுச் சோதனையிலேயே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுவோம். மேசைச் சோதனையில் கண்ணுக்கே படாத தவறுதான் ஆபத்து.

டைமரை ரேமில் மட்டும் வைப்பது

கியூப்சாட்டை விண்ணுக்கு ஏற்றிச்செல்லும் பெட்டியிலிருந்து வெளியே வந்து 30 நிமிடமாவது கழிந்த பிறகே ஆன்டெனா விரியலாம். நேரமானதும் நிக்ரோம் கம்பி சூடேறி, ஆன்டெனாவைக் கட்டியிருக்கும் நைலான் இழையை அறுக்கும். அறுபடச் சில விநாடிகள் ஆகும். குளிர்ந்த பேட்டரியால் அந்த மின்னோட்டத்தைத் தாங்க முடியாது. வோல்டேஜ் சரியும், கம்ப்யூட்டர் ரீசெட் ஆகும், மின்சாரம் போனால் அழிந்துவிடும் ரேம் நினைவகத்தில் இருந்த டைமர் எண் பூஜ்யமாகும். மறுபடி 30 நிமிடம், மறுபடி அதே சரிவு. இழை அறுபடவே அறுபடாது. மேசையில் இது தெரியாததற்குக் காரணம் பவர் சப்ளை. கேட்ட ஆம்பியரை அது கொடுத்துவிடும்.

வேறு வழியாகவும் ரீசெட் வரும். 2014 ஏப்ரல் 18-ல் ஏவப்பட்ட கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிக்சாட், 104 குட்டிச் செயற்கைக்கோள்களை 16 நாள் கழித்து விடுவிக்க வேண்டியிருந்தது. நான்கு நாளே பாக்கி இருந்தபோது ரீசெட் ஆகி, 16 நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. சுற்றுப்பாதை அதுவரை தாங்கவில்லை. மே நடுவில் 104-உம் உள்ளே இருந்தபடியே எரிந்துபோயின. எத்தனை பேரின் உழைப்பு!

ஓடிய நேரத்தை 10 விநாடிக்கு ஒருமுறை, மின்சாரம் போனாலும் மறக்காத எஃப்ரேம் நினைவகச் சில்லில் மூன்று இடங்களில் எழுதுங்கள். எந்த இரண்டு ஒத்துப்போகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியைச் சூடாக்கும் முன் முயற்சி எண்ணையும் பதியுங்கள். முதல் முயற்சி தோற்றால், அடுத்ததை வெயில் பக்கம் வந்து பேட்டரி ஏறும்வரை தள்ளிப்போடுங்கள். செயற்கைக்கோளை ஒப்படைக்கும் முன் இந்த எண்களைப் பூஜ்யமாக்க வேண்டும். மறந்தால் வெளியே வந்ததுமே ஆன்டெனா விரியும்.

பாதி சார்ஜில் உள்ள பேட்டரியை 0 டிகிரிக்குக் குளிர்வித்து, நிஜ இழையைக் கட்டிச் சோதியுங்கள். கவுண்டவுன் நடுவே 20 முறை மின்சாரத்தைப் பிடுங்குங்கள்.

ரிசீவர்

எப்போதும் ஆனிலேயே இருக்கட்டும்.

பேட்டரி

லித்தியம் அயான் என்றால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது.

அதிர்வெண்

அமெச்சூர் அலைவரிசையில் அதிர்வெண் ஒதுக்கும் ஒருங்கிணைப்புக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆன்டெனாவை வெட்டும் முன்பே விண்ணப்பியுங்கள். அதன் நீளமே அந்த அதிர்வெண்ணைப் பொறுத்ததுதான்.