ரோச் லைற்றில் ஒளிரும் வளையம் போடுவது எப்படி?

90களில் யாழ்ப்பாணத்தில் கறண்டே இல்லாமல், பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த வருசங்களில், எங்கள் அம்மம்மா குப்பி விளக்கையும் நெருப்புப்பெட்டியையும் ஒரே மாடத்தில்தான் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு போனாலும் கை அதில் படும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டியபோது எங்கள் வீட்டில் நல்ல ரோச் லைற்றுகள் மூன்று இருந்தும், ஒன்றைத் தேடி எடுப்பதற்கு ஃபோன் வெளிச்சம் தேவைப்பட்டது. இருட்டில் தானே தன்னைக் காட்டும் ரோச் வேண்டும் என்று அப்போதுதான் இதைத் தொடங்கினேன்.

இதற்கு வெளிநாடுகளில் அதிகம் பயன்படுத்துவது ட்ரிட்டியம் குழாய்கள். நெல்மணி அளவு கண்ணாடிக் குழாய்க்குள் ட்ரிட்டியம் வாயு இருக்கும், அதிலிருந்து வரும் பீட்டா கதிர் உட்சுவரில் பூசிய பொஸ்பர் என்ற ஒளிரும் பொருளில் பட்டு இரவு பகலாக ஒளிரும். வெளிச்சமும் வேண்டாம், பற்றறியும் வேண்டாம். ட்ரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 12.3 வருடம் என்பதால் ஒளி மெதுவாகத்தான் குறையும். அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது, ஆனால் குழாய் உடைந்தால் வாயுவைச் சுவாசிக்கக் கூடாது, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இது கதிரியக்கப் பொருள். இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் இருக்கிறது, எனவே உரிய அனுமதி பெறாமல் பார்சலில் தருவிக்க வேண்டாம். தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஸ்ட்ரோன்சியம் அலுமினேற்றுத் தூள். கதிரியக்கம் இல்லை, வெளிச்சத்தைக் குடித்துவிட்டு இருட்டில் மணிக்கணக்காகத் திருப்பித் தரும். பச்சை நிறத்தையே வாங்குங்கள், அதுதான் கூடுதல் பிரகாசமாகத் தெரியும்.

முதலில் ரோச். அலுமினிய உடலும், வால் பக்கத்தில் கிளிப் மாட்டுவதற்கான பள்ளமும் உள்ள ஒன்று போதும். கிளிப்பைக் கழற்றினால் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் அகலத்தில் சுற்றிவர ஒரு பள்ளம் இருக்கும், அதை இந்தத் தூளும் எபொக்சிப் பசையும் சேர்ந்த கலவையால் நிரப்பப் போகிறோம். பிறகு கிளிப்பைத் திரும்ப மாட்ட முடியாது, கயிறுதான் கட்ட வேண்டும், அதை யோசித்துவிட்டுத் தொடங்குங்கள். தலைப்பக்கம் இருக்கும் வரிவரியான பள்ளங்களில் கை வைக்காதீர்கள், சூடு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது.

பற்றறியை எடுத்துவிடுங்கள். பள்ளத்துக்குள் 400 இலக்க சாண்ட் பேப்பரை மடித்துவிட்டு உரஞ்சி வழுவழுப்பைப் போக்குங்கள், பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள், அதற்குப் பிறகு விரல் படக் கூடாது. உள்ளே வெள்ளை எனாமல் பெயின்ற் மெல்லிசாகப் பூசி ஒரு நாள் காய விடுங்கள். கறுப்பு அலுமினியம் ஒளியை விழுங்கிவிடும், வெள்ளை திருப்பி அனுப்பும். பலர் விட்டுவிடுகிற வேலை இது, ஆனால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். காய்ந்ததும் பள்ளத்தின் இரண்டு கரையிலும் செலோரேப் சுற்றுங்கள்.

அடுத்தது கலவை. இரண்டு பகுதியாக வரும் தெளிவான எபொக்சியை வாங்குங்கள், ஐந்து நிமிடத்தில் இறுகுவது வேண்டாம், அவசரப்பட வைக்கும், நாளடைவில் மஞ்சளாகியும் விடும். பள்ளத்துக்கு அரை மில்லிலீற்றர் கூடத் தேவையில்லை, ஆனால் அவ்வளவு குறைவாகக் கலந்தால் அளவு பிழைத்து இறுகாமலே போகலாம், அதனால் ஐந்து கிராமாவது கலந்து மிச்சத்தை வீசிவிடுங்கள். முதலில் எபொக்சியின் இரண்டு பகுதியையும் நன்றாகக் கலந்த பிறகுதான் தூள், எடைக்குச் சம எடை. தூளை அரைக்கக் கூடாது, துகள் சிறுத்தால் ஒளியும் குறையும். கிளறுவதற்கு மரக்குச்சி, முகத்துக்கு மாஸ்க்.

உடனே ஊற்றாதீர்கள். இந்தத் தூள் எபொக்சியைவிட மூன்று மடங்கு பாரம், தண்ணியாக இருக்கும்போது ஊற்றினால் தூள் அடியில் போய்விடும், மேலே வெறும் பசைதான் நிற்கும். இடையிடையே கிளறிக்கொண்டு பனம்பாணிப் பதத்துக்கு வரும் வரை பொறுத்திருந்து, பிறகு பல்குத்தும் குச்சியால் பள்ளத்தில் வையுங்கள், கரையைவிடச் சற்று மேலே நிற்கட்டும். பாணி வழியாமல் இருக்க ரோச்சை இரண்டு பென்சில்களின் மேல் கிடத்தி, இறுகத் தொடங்கும் வரை சில நிமிடத்துக்கு ஒருக்கால் உருட்டிவிடுங்கள். பொறுமையாக இருந்து செய்ய வேண்டிய இடம் இதுதான். பாதி இறுகியபோது செலோரேப்பைக் கழற்றுங்கள், பிந்தினால் விளிம்பும் சேர்ந்து கிளம்பும்.

ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்தால் மேலே மெழுகு மாதிரி ஒரு ஒட்டல் படியலாம், சவர்க்காரத் தண்ணியில் கழுவினால் போய்விடும். பிறகு 400, 800, 1000 என்று சாண்ட் பேப்பரைத் தண்ணியில் நனைத்து உடலோடு சமமாகும் வரை உரஞ்சுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: தூள் கலக்காத வெறும் எபொக்சியை மேலே மெல்லிசாக ஒரு தடவை பூசுங்கள். உரஞ்சும்போது வெளியே வரும் துகள்களை ஈரம் கெடுத்துவிடும். என் முதல் ரோச்சுக்கு இதைச் செய்யாமல் விட்டேன், ஒரு மாரிக்குள் வளையம் மங்கிவிட்டது.

செய்து முடித்ததும் வெயிலில் பத்து நிமிடம் காட்டிவிட்டு, இருட்டறையில் இருபது நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொண்டு பாருங்கள். தினமும் இரவில் அது ஒளிர வேண்டுமென்றால், ரோச்சை அலுமாரிக்குள் வைக்காமல் ரியூப் லைற்றுக்குக் கிட்ட ஒரு ஆணியில் தொங்கவிடுங்கள். எங்கள் வீட்டில் குசினிக் கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ஒன்பது மணிக்கு லைற்றை அணைத்தால் விடிய நாலு மணிக்கும் பச்சையாக ஒரு கோடு தெரியும்.